கசிவை அடைக்கும் கடமை

வரவைப் பெருக்குவதில் நமக்குள்ள அக்கறை இழப்பைத் தடுப்பதில் இருப்பதில்லை. சம்பளம் போதவில்லை என்றால் இன்னொரு வேலை தேடுகிறோம். வீடு குளிர்ந்தால் பெரிய அடுப்பாக வாங்குகிறோம். கையில் இருப்பது எந்த வழியாகப் போகிறது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. இந்தக் குணத்துக்கு மனிதர்கள் கொடுக்கும் விலையை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் கடலோர ஊர்களில், ஒவ்வொரு குளிர்காலமும் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

ராக்லேண்ட் போன்ற துறைமுக ஊர்களிலும், அங்கிருந்து படகில் ஒன்றேகால் மணி நேரம் போனால் வரும் வினல்ஹேவன் போன்ற தீவுகளிலும், மீனவர்களும் கல்லுடைப்பவர்களும் படகு கட்டும் தச்சர்களும் எழுப்பிய மர வீடுகள் இன்றும் நிற்கின்றன. நூறு ஆண்டு தாண்டியவை ஏராளம். சுவரின் உள்பக்கம் மெல்லிய மரச்சட்டங்களின் மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்து. வெளிப்பக்கம் அடுக்கடுக்காக அறைந்த பலகை. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். பல வீடுகளில் அந்த வெற்றிடம் அடித்தளத்தில் தொடங்கித் தடையே இல்லாமல் பரண் வரை ஓடும். ஜன்னல் சட்டத்தைத் தூக்கி நிறுத்த இரும்பு எடைகள் தொங்குகிற பொந்து ஒன்று ஒவ்வொரு ஜன்னலின் பக்கத்திலும் உண்டு. அதுவும் காற்றுக்கு வழிதான். உப்புக்காற்று பெயின்ட்டை உரிக்கிறது, கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கை உதிர்க்கிறது. கடலிலிருந்து வரும் வாடைக்கு நுழைய நூறு இடம்.

ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது அங்கே சாதாரணம். வீட்டைச் சூடாக்க எண்ணெயை நம்பியிருக்கும் குடும்பங்களின் விகிதம் அமெரிக்காவிலேயே மேய்னில்தான் அதிகம். நிலவறையில் 275 கேலன் பிடிக்கும் இரும்புத் தொட்டி இருக்கும். லாரி வந்து குழாய் போட்டு நிரப்பும். நூறு கேலனுக்குக் குறைவாக என்றால் பல வியாபாரிகள் லாரி அனுப்ப மாட்டார்கள். நூறு கேலனுக்கு மொத்தமாகப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? ஐந்து கேலன் கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போவார். மண்ணெண்ணெயோ டீசலோ வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவார். இரண்டொரு நாளில் அது தீர்ந்துவிடும், மறுபடியும் கேன். கேலன் கணக்கில் அதிக விலை கொடுப்பவர் அந்த ஏழைதான். அவர் வாங்கிய சூட்டிலும் ஒரு பங்கு பரண் வழியாக ஊருக்குப் போய்ச் சேருகிறது.

இது நடக்கும் விதம் எளிமையானது. சூடான காற்று மேலே ஏறும். கூரையடிப் பரணில் விளக்குக்கான துளை, புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி, பரணின் கதவு என்று கிடைத்த வழியில் எல்லாம் வெளியேறும். போன அளவுக்குக் குளிர்காற்று கீழே இருந்து உள்ளே இழுக்கப்படும். கருங்கல் அடித்தளமும் மரச்சட்டமும் சேரும் விளிம்புதான் அதன் வாசல். சோதனைக்கு வரும் தொழிலாளர்கள் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுவார்கள். அப்போது எந்த இடுக்கில் காற்று சீறுகிறது என்பது கையை வைத்தாலே தெரியும். அந்த விசிறி இல்லாவிட்டாலும், காற்று வீசும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகவும் மின்செருகிகளின் அருகிலும் நகர்த்திப் பார்க்கலாம். புகை எங்கே கலைகிறதோ அங்கே கசிவு. இந்த இடுக்குகளை எல்லாம் ஒன்றுசேர்த்தால், பழைய வீடு பலவற்றில், குளிர்காலம் முழுக்க ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம்.

வெதரைசேஷன் என்று அங்கே சொல்கிற பணி இந்த ஜன்னலை மூடுவதுதான். முதலில் பரணிலும் நிலவறையிலும் இடுக்குகளை அடைப்பார்கள். பிறகு வெளிப்பலகையைக் கழற்றி, சுவரில் சிறு துளையிட்டு, பழைய செய்தித்தாளை அரைத்து, தீயும் பூச்சியும் அண்டாதபடி போரேட் உப்பு கலந்த பஞ்சைக் குழாய் வழியாக அழுத்தி நிரப்புவார்கள். வேலை முடிந்து பலகையை மீண்டும் அறைந்துவிட்டால், செய்ததற்கு அடையாளமே வெளியில் தெரியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, இடுக்குகளை அடைத்து வெப்பக்காப்பும் செய்தால் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவில் சராசரியாக 15 விழுக்காடு மிச்சம். அந்த மிச்சம் ஆண்டுதோறும் திரும்பி வரும்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபோது இந்த ஞானம் அரசுக்கும் வந்தது. 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளை இலவசமாகக் காப்பிட்டுத் தரும் திட்டத்தைச் சட்டமாக்கியது. எரிபொருள் வாங்கப் பண உதவி செய்யும் திட்டம் 1981-இல் தனிச் சட்டமானது. இரண்டும் வேண்டும், உறைபனியில் இருப்பவரிடம் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எண்ணெய்க்குக் கொடுத்த பணம் அந்தக் குளிர்காலத்தோடு எரிந்துபோகிறது. சுவருக்குள் போட்ட பணம் அந்த வீட்டில் பிறக்கப்போகும் குழந்தையையும் காக்கிறது. அடுத்த ஆண்டு அதே மனிதர் அதே வாசலில் வந்து நிற்கத் தேவையில்லாதபடி கொடுப்பதே மேலான கொடை.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதிலும் அறம் இருக்கிறது. 2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் வீட்டு எரிசக்தி மானியங்களுக்கு ஏறத்தாழ 880 கோடி டாலர் ஒதுக்கியது. வெப்பக்காப்பு செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் வரை வரிச்சலுகையும் அதில் இருந்தது. 2025-இல் வந்த புதிய சட்டம் அந்தச் சலுகையை அவ்வாண்டு இறுதியோடு முடித்துவிட்டது. அந்தச் சலுகை இருந்த காலத்திலும் அது யாருக்குப் பயன்பட்டது? வரி கட்டுபவருக்குத்தான் வரிச்சலுகை. வருமானம் குறைவாக இருப்பதால் வரியே கட்டாத மூதாட்டிக்கு அதில் ஒரு காசும் இல்லை. மாநில அளவில் எஃபீஷியன்சி மேய்ன் என்ற அமைப்பு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வெப்பக்காப்புச் செலவில் 80 விழுக்காடு, 8,000 டாலர் வரை, மானியம் தந்திருக்கிறது. பெருந்தொகைதான். ஆனாலும் 10,000 டாலர் வேலைக்கு 2,000 டாலர் கையிலிருந்து போட வேண்டும். ஐந்து கேலன் கேனோடு அலைகிறவரிடம் அந்த 2,000 எங்கே இருக்கும்? செலவழித்துவிட்டு வா, தருகிறேன் என்று சொல்லும் உதவி, செலவழிக்க முடிந்தவரைத்தான் தேடிப் போகிறது. அதனால்தான் 2022 சட்டத்தின் மானியங்களில் ஒன்று, வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. முன்கூட்டியே பணம் கேட்காத உதவியே ஏழையின் வாசல் வரை வரும்.

அதைவிடக் கொடிய தடை ஒன்று உண்டு. கூரை ஒழுகினால், சுவருக்குள் பழங்காலத்து மின்கம்பி ஓடினால், நிலவறையில் பூஞ்சணம் படர்ந்திருந்தால், பரணில் கல்நார் கலந்த பழைய காப்புத்துகள் கிடந்தால், காப்பிடும் வேலையைத் தொடங்க முடியாது. ஆபத்து உண்மையானது, விதியும் நியாயமானது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: கூரையைப் பழுதுபார்க்கப் பணம் இல்லாத காரணத்தாலேயே அந்த வீட்டுக்கு உதவியும் இல்லை. மிக அதிகமாகத் தேவைப்படுபவரே மிக எளிதாகக் கழித்துக்கட்டப்படுகிறார். இப்படித் தள்ளிவைக்கப்படும் வீடுகளைச் சீர்செய்யவென்றே 2022-இல் தனி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. அது முதல் ஆண்டில் ஒன்றரைக் கோடி டாலர். நாடு முழுவதற்கும் அவ்வளவே. கூரையிலிருந்து தொடங்காத உதவி பாதி உதவி என்பதை இன்னும் பெரிய தொகையாக எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

வாடகை வீட்டில் கடமை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுவர் வீட்டுக்காரருடையது, எண்ணெய்ச் செலவு குடியிருப்பவருடையது. தன் பணம் கசியாத இடத்தில் அடைக்க வீட்டுக்காரருக்கு அவசரம் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத சுவரில் பணம் போடக் குடியிருப்பவருக்கு மனம் வருவதில்லை. நடுவில் குளிரில் நடுங்குவது குடியிருப்பவரின் பிள்ளைகள். இலவசக் காப்புத் திட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டைக் காப்பிட்டதைக் காரணம் காட்டி வாடகையை உயர்த்தவும் விதிகள் தடை போடுகின்றன. ஒரு கையெழுத்தில் இன்னொருவர் குடும்பத்தின் குளிர்காலம் மாறும் என்றால், அதைப் போடாமல் இருப்பது சோம்பல் என்ற கணக்கில் சேராது. அது தீங்கு.

அரசை மட்டும் நம்பி மேய்ன் மக்கள் உட்கார்ந்துவிடவில்லை. 2010-இல் ராக்லேண்டில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய முயற்சி, இன்று விண்டோ டிரெசர்ஸ் என்ற பெயரில் பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியிருக்கிறது. தன்னார்வலர்கள் ஒரு கூடத்தில் கூடுகிறார்கள். பைன் மரச்சட்டத்தின் இருபுறமும் தெளிவான மெல்லிய ஃபிலிமை இழுத்து ஒட்டி, விளிம்பில் நுரைப்பட்டை வைக்கிறார்கள். ஜன்னலின் உள்பக்கம் அதை அழுத்திப் பொருத்தினால் காற்று நிற்கிறது. பணம் கட்ட முடிந்தவர் விலை கொடுக்கிறார்; முடியாதவருக்கு அதே சட்டம் அதே தரத்தில் போகிறது. சட்டம் பெறுபவரும் கூடத்துக்கு வந்து பிறர் வீட்டுச் சட்டத்துக்கு ஃபிலிம் ஒட்டுகிறார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற கோடு அந்த மேசையில் அழிந்துபோகிறது. உதவி கேட்கக் கூசும் தன்மானமுள்ள மனிதர்களுக்கு இதைவிட மரியாதையான வழி வேறென்ன?

அடைக்கும்போது ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. இறுக்கமான வீட்டில், எண்ணெயை எரித்துச் சூடேற்றும் பாய்லரின் புகை சரியாக வெளியேறாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். கடலோர ஈரம் போக வழியில்லாவிட்டால் சுவர் உள்ளுக்குள்ளேயே மக்கும். ஆகவே முறையாகச் செய்பவர்கள் அடைத்த பிறகு பாய்லரைச் சோதிக்கிறார்கள்; குளியலறையிலும் சமையலறையிலும் காற்றோட்ட விசிறி வைக்கிறார்கள். வேண்டாத காற்றைத் தடுப்பவர் வேண்டிய காற்றுக்கு வழிசெய்தாக வேண்டும். அரைகுறையாகச் செய்த நன்மை கெடுதலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒழுகலைச் சரிசெய், பிறகு இடுக்கை அடை, பிறகு சுவரை நிரப்பு, கடைசியில் இயந்திரம். வரிசையை மாற்றி, மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கும் புதிய ஹீட் பம்ப்பை முதலில் மாட்டினால், அதுவும் ஊருக்குச் சூடேற்றித்தான் தேயும். கண்ணில் படும் இயந்திரத்தை ஊருக்குக் காட்டலாம். சுவருக்குள் இருக்கும் பஞ்சைக் காட்ட முடியாது. அதனால்தான் மனம் இயந்திரத்தை நாடுகிறது. நேரம், உடல்நலம், உறவு எதுவானாலும் இதே வரிசைதான்: புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் இருப்பது வீணாகும் வழியை அடைக்க வேண்டும், ஒருவர் பாராட்டாவிட்டாலும் அடைக்க வேண்டும்.

காப்பிடும் பணிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. முதல் பனி விழுந்த பிறகு விண்ணப்பிப்பவருக்கு அந்தக் குளிர்காலத்தில் முறை வருவது கடினம். ஆகவே விண்ணப்பத்தை வெயில் அடிக்கும்போதே எழுத வேண்டும். படிவத்தின் சிற்றெழுத்தைப் படிக்க முடியாத பக்கத்து வீட்டு முதியவருக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். வருமானச் சான்றையும் எண்ணெய் ரசீதுகளையும் தேடி எடுத்துத் தர வேண்டும். அவரை ஜனவரியில் நினைத்துக்கொள்வது இரக்கம். ஜூன் மாதத்திலேயே நினைத்துக்கொள்வதுதான் பொறுப்பு. இரக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. குறைவாக இருப்பது பொறுப்பு.