கணிப்பு வீடு சேரட்டும்

1970இல் போலா புயல் வங்கக் கடலில் திரண்டதைச் செயற்கைக்கோள் பார்த்தது. இன்றைய வங்கதேசத்தின் கரையோரக் குடிசைகளுக்கு அந்தச் சேதி சரியாக எட்டவில்லை. சுமார் 3 லட்சம் உயிர்கள் போயின. 1972இல் தொடங்கிய வங்கதேசப் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொண்டர்களைக் கொடியோடும் ஒலிபெருக்கியோடும் தெருவில் இறக்கியது. புயல் காப்பகங்களும் எழுந்தன. சாவுகள் பன்மடங்கு குறைந்தன. கைபேசிக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கோபுரம் சாய்ந்தால் கைபேசி ஊமை. சேதி எட்டினால் மட்டும் போதாது, சொல்லும் விதமும் முக்கியம். ‘மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று’ என்றால் தகவல். ‘பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்’ என்றால் எச்சரிக்கை. இளம் பொறியாளரும் வானிலையாளரும் கணிப்பைக் கூர்மையாக்குவது பாதி வேலை. கேட்பவர் உடனே கிளம்பும்படி அதைச் சொல்வது மீதி. முதல் பாதிக்குப் படிப்பு போதும். மறுபாதிக்கு ஊரைத் தெரிந்திருக்க வேண்டும்.