பிரசங்கம் யாருக்கு?



சென்ற மாதம் நம் ஞானோபதேச ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, "சுவாமி, கிளைக்கோவிலில் பூசையில்லாத ஞாயிறுகளில் ஜெபம் முடிந்தபின் நான் பேச வேண்டியிருக்கிறது. பிரசங்கத்தை எப்படிக் கட்டுவது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். 'பேசுவது சாமியார் வேலை, கேட்பது எங்கள் வேலை' என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். இரவு ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து நாலு புத்தி சொல்லுகிற தாய் தகப்பன் செய்வதும் பிரசங்கந்தானே!

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்தபோது, அண்ணன் தம்பி இருவர் ஒரு கிணற்றுப் பங்கை முன்னிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். வருவது ஒரே பூசைக்கு. நிற்பது கோவிலின் இரண்டு கோடியில். தபசுகாலத்தில் இவர்களை மனதில் வைத்துப் பகைவரை மன்னிப்பதைப்பற்றி ஒரு பிரசங்கம் எழுதினேன். வாரம் முழுவதும் எழுதினேன். உவமைகள் ஏழெட்டு, வேதபாரகர் வாக்கியங்கள் ஒரு கட்டு, முடிவில் நரகத்தின் வர்ணனை. முக்கால் மணி நேரம் முழங்கினேன். பூசை உடுப்பைக் கழற்றும்போது அண்ணன் வந்து, "சுவாமி, இன்றைக்கு அவனுக்கு நன்றாய் உறைக்கும்படி சொன்னீர்கள்" என்றார். சற்று நேரத்தில் தம்பியும் வந்தார். அண்ணனைக் குறித்து அதே வார்த்தையைச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டு மாதம் கழித்து அண்ணன் இறந்து, தம்பி கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனபோது சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எல்லாம் வேதத்தில் உள்ளவைதான். ஆனால் வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. முதலில் நானே அதைத் தீர்மானிக்கவில்லை. அது யாருக்குச் சொன்னது என்பதும் தெளிவாயில்லை. ஆகையால் ஒவ்வொருவரும் அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனிடம் போனதைப் பாருங்கள். உரியாஸைக் கொல்வித்து அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்ட அரசனுக்கு முன்னே கற்பனைகளை ஒப்பித்திருந்தால், அந்தக் காது அப்போதே அடைத்துக்கொண்டிருக்கும். அவரோ ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது சிறுவயதில் ஆடு மேய்த்தவர். ஆட்டுக்குட்டி என்றதும் அவர் மனம் அங்கே போய்விட்டது. கோபம் மூண்டு, அப்படிப்பட்டவன் சாகவேண்டும் என்று தம் வாயாலேயே தீர்ப்புச் சொன்னார். அந்தக் கணத்தில் தீர்க்கதரிசி, அந்த மனிதன் அரசரேதான் என்றார். கதை மிகச் சிறியது. கேட்பவருடைய கைப்பழக்கத்திலிருந்து எடுத்தது. தப்பி ஓட ஒரு சந்துகூட இல்லாதது. பிரசங்கத்தின் கட்டுமானம் முழுவதும் இதில் இருக்கிறது.

அர்ச். அகுஸ்தீனார் மனந்திரும்புமுன் மிலான் நகரில் நாவன்மை கற்பித்த ஆசிரியர். மேற்றிராணியாரானபின், பிரசங்கிகளுக்கென்றே கிறிஸ்தவ போதனையைப்பற்றிய தம் நூலின் நாலாம் புத்தகத்தை 426-ம் ஆண்டில் எழுதி முடித்தார். போதிக்கவேண்டும், மகிழ்விக்கவேண்டும், மனதை அசைக்கவேண்டும் என்று ரோமைச் சொல்வல்லவர் சிசரோ வகுத்த மூன்றையும் அதில் விளக்குகிறார். போதிப்பது அறிவதற்காக, மகிழ்விப்பது கேட்பவர் எழுந்து போகாமலிருப்பதற்காக, அசைப்பது செய்விப்பதற்காக. பிறகு தம் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறார்.

இன்று அல்ஜீரியா நாட்டில் செர்செல் எனப்படும் ஊர் அக்காலத்தில் செசாரேயா. அவ்வூரில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு காலத்தில் ஊரார் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து, அண்ணன் தம்பி, தகப்பன் மகன் என்ற பேதமில்லாமல் பல நாள் கல்லெறிந்து சண்டையிடுவார்கள்; சாவும் விழும். முப்பாட்டன் காலத்து வழக்கமென்று பெருமை வேறு! 418-ம் ஆண்டில் அங்கே போயிருந்த அகுஸ்தீனார் இதை எதிர்த்துப் பேசினார். மக்கள் ஆரவாரித்துப் புகழ்ந்தார்கள். கோவிலில் அப்படிச் செய்வது அக்கால வழக்கம். அதைக் கேட்டு அவர் திருப்தியடையவில்லை. 'இவர்களுக்குப் புரிகிறது, பிடிக்கிறது, அவ்வளவுதான்' என்று எண்ணி மேலும் பேசினார். அவர்கள் கண்களில் நீரைக் கண்டபோதே அவ்வழக்கம் தோற்றதென்று அறிந்து, பேச்சை நிறுத்தி சர்வேசுரனுக்கு நன்றி செலுத்தத் திருப்பினார். அதை அவர் எழுதும்போது எட்டு ஆண்டுக்குமேல் ஆகியிருந்தது. அந்தச் சண்டை மறுபடி தலையெடுக்கவில்லை. என் பிரசங்கத்துக்குக் கிடைத்ததோ இரண்டு பாராட்டு.

மற்றவை சிறு விஷயங்கள். திங்கட்கிழமையே வரும் ஞாயிறு சுவிசேஷத்தை வாசித்துவிட்டால், வாரம் முழுவதும் அது கூடவே நடக்கும். பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொல்லக்கூடிய ஒரே வாக்கியமாகப் பொருளை எழுதவேண்டும். எழுத வராவிட்டால் பேசவும் வராது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாயிருக்கட்டும். 'கடைசியாக' என்று மூன்று முறை சொல்லலாகாது (நான் சொல்லுவதுண்டு என்று பீடச்சிறுவர் எண்ணி வைத்திருக்கிறார்கள்). நம் கோவிலில் எதிரொலி அதிகம். ஒலிபெருக்கி இருக்கிறதென்று கத்தினால் ஒரு சொல்லும் விளங்காது.

நீளத்தைப்பற்றி: துரோவாஸ் ஊரில் அர்ச். சின்னப்பர் நடுச்சாமம்வரை பேசியதில், சன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திக்குஸ் என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். செத்துக் கிடந்தவனை அப்போஸ்தலர் உயிரோடு எழுப்பினார். எனக்கு அந்த வரம் இல்லை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரசங்கம் எட்டு நிமிஷத்தைத் தாண்டவேண்டாமென்று சொன்னார். அதைப் பலர் எனக்கு வெட்டியெடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், போதும். அதேசமயம் ஞாயிறு பூசையில் பிரசங்கம் வழிபாட்டின் ஒரு பகுதியென்று 1963-ல் வத்திக்கான் சங்கம் சொன்னதை யாரும் எனக்குக் கொண்டுவரவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் வேப்பமரத்தடிக்குப் போகும் ஆண்மக்கள் கவனிக்கவும்.

அந்த ஆசிரியர் சென்ற வியாழக்கிழமை ஒரு காகிதத்துடன் வந்தார். ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்: 'இந்த வாரம் நீ கை நனைக்காத வீட்டுக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடி.' நன்றாயிருக்கிறது என்றேன். "இது யாருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"எனக்குத்தான் சுவாமி. அக்காள் வீட்டுப் படியேறி மூன்று வருஷமாகிறது."

"அப்படியானால் முதலில் போய்விட்டு வாரும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது" என்றேன்.