சாவு வீட்டுச் சிரிப்பு
சாவு வீட்டில் அழுகையைக்கூட அடக்கிவிடலாம். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு. ஃபிராங்க் ஓஸ் இயக்கி 2007இல் வந்த ‘டெத் அட் எ ஃபியூனரல்’ படம் முழுக்க அந்த அவஸ்தைதான். இங்கிலாந்தில் ஒரு வீடு. கொண்டுவந்து இறக்கிய அப்பாவின் சவப்பெட்டியை மகன் திறந்து பார்த்தால் உள்ளே கிடப்பது வேறு யாரோ! பிறகு அப்பாவும் வந்து சேர்கிறார். கூடவே அண்ணன் தம்பி பொறாமை, பணத் தகராறு, ஊருக்குத் தெரியாத உறவு. கூடியிருப்பவர்களில் அடக்கமாக இருப்பவர் இறந்தவர் மட்டுமே. இழவுக்குக் கூடுகிற கூட்டம் எந்த ஊரில்தான் இழவை மட்டும் பேசுகிறது? மூன்றே ஆண்டில் அமெரிக்காவிலும் இதே கதையை எடுத்தார்கள். நாடு மாறியது, குடும்பம் மாறியது; நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் மட்டும் இரண்டிலும் அதே வேடத்தில் வந்து நிற்கிறார்.