ஏரியின் பொருட்டு ஓர் ஏரி

பெரியதொன்றைக் காப்பதற்காகச் சிறியதொன்றை அறிந்தே மாசுபடுத்துவது தர்மமாகுமா என்னும் வினா, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துக் காடுகளிடையே கிடக்கும் ஒரு சிற்றேரியை நினைக்குந்தோறும் என் மனத்தில் எழுகிறது. ஈரி என்னும் பேரேரி பாசி படர்ந்து, அடிநீரில் பிராணவாயு குன்றி நலிந்த காலத்தில், சலவைத்தூளிலும் சாக்கடையிலும் வரும் பாஸ்பரஸே காரணம் என்று சிலரும், கரிமமே என்று வேறு சிலரும் வாதிட்டனர். 1973-இல் ஆராய்ச்சியாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும், 226 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட அச்சிற்றேரியின் இடையில் திரை கட்டி, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் இட்டு, மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் கலந்த பாதி மட்டும் பச்சைப் பாசியால் மூடுண்டது.

அந்த ஏரியின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. ஆயினும், ஆராய்வதற்காக அளந்து இட்டு, அருகிருந்து கவனித்து, பின் நிறுத்தியவனுடைய செயலையும், தன் வேட்டியின் வெண்மையன்றி வேறொன்றையும் கருதாமல் நாள்தோறும் அழுக்கை ஆற்றில் விட்டவனுடைய செயலையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அறியாமை பாவத்தைக் குறைக்கும் என்பர். அறிய முயலாமையும் அவ்வாறு குறைக்குமென்று நான் நம்பவில்லை. ஆராய்ச்சியாளன் அந்நீருக்குக் கடன்பட்டவன்தான். ஆனால் அக்கடனை அவன் தனக்காக வாங்கவில்லை, நமக்காகவே வாங்கினான். 2014 ஆகஸ்டில், வயல்களிலிருந்து வழிந்த உரத்தால் ஈரியில் மீண்டும் நச்சுப்பாசி பெருகி, டொலிடோ நகரத்தார் குழாய்நீரைப் பருகலாகாதென்று தடுக்கப்பட்டபோது, அக்கடன் இன்னும் தீராமலே இருந்தது.