சின்னவன்

காலை ஐந்தரை மணி. கீரனூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பள்ளியின் முதல் மணிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் எட்டே முக்கால் ஆனால் கால் தானாகப் பரபரக்கிறது.

இது திருச்சியிலிருந்து மானாமதுரை போகும் தண்டவாளம். 1950இல் ராமநாதபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர இந்த வழியாகத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் பொட்டல்காட்டைப் பார்த்திருப்பாரோ என்னவோ.

அவர் தங்கிய விடுதியில் சுமார் நூறு பையன்கள் இருந்தார்கள். ஃபாதர் செக்யூரா அங்கே காப்பாளர், ஆங்கிலமும் அவர்தான் நடத்தினார். ராத்திரி விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையனையும் போய்ப் பார்ப்பாராம். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு அறை அறையாக நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவாராம். ‘அக்கினிச் சிறகுகள்’ புத்தகத்தில் கலாம் இதைச் சொல்கிறார். அந்த ஃபாதர் நடத்திய பாடத்தைவிட எனக்கு இந்த எண்ணெய்தான் மனதில் ஒட்டிக்கொண்டது. கொடுக்கச் சொன்னவர் கத்தோலிக்கக் குரு. அதை மறக்காமல் எழுதி வைத்தவர் முஸ்லிம். இரண்டு பேருக்கும் தீபாவளி சொந்தப் பண்டிகை இல்லை.

*

கலாம் படித்த ராமநாதபுரம் பள்ளிக்கு ஷ்வார்ட்ஸ் என்று பெயர். ஜெர்மனியிலிருந்து வந்து, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, 1798 பிப்ரவரியில் தஞ்சையில் கண்மூடிய பாதிரியார் அவர். இளவரசர் சரபோஜிக்கு அரண்மனையில் ஆபத்து இருந்த காலத்தில் காவலாக நின்றார், படிக்கவும் வழி செய்தார். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனால் குருவின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் தானே இரங்கல் கவிதை எழுதினார். இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு சிற்பமும் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள தேவாலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பாதிரியார் படுக்கையில் கிடக்கிறார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னர் நிற்கிறார்.

எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அந்தச் சிற்பத்தில் ஒன்றும் கிடைக்காது. நான் முதல்முறை பார்த்தபோது அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

*

நம்ம ஊருக்குப் பக்கத்து ஆவூரில் பணி செய்த வீரமாமுனிவர், மறைக்கல்வி கற்றுக்கொடுக்கும் வேதியர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அதே கைதான் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. ஆசிரியர்களாகிய நாங்கள் எதில் சேர்த்தி என்பதை மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

விவிலியத்திலுள்ள தம் கடிதத்தில் யாக்கோபு, போதகராக ஆசைப்பட்டுப் பலரும் கிளம்பாதீர்கள், நமக்குத் தீர்ப்புக் கடுமையாக இருக்கும் என்கிற மாதிரி எச்சரிக்கிறார். ஆசிரியர் தின விழாவில் யாரும் அந்தப் பகுதியை வாசித்து நான் கேட்டதில்லை.

நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம். விடியற்காலை, கல்லறைத் தோட்டம். மகதலா மரியா அழுதுகொண்டிருக்கிறார். எதிரே நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். அவர் “மரியா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆளைத் தெரிந்துவிடுகிறது. உடனே மரியாவின் வாயில் வருவது ‘ரபூனி’. போதகரே என்று அர்த்தம். ஆண்டவரே என்றோ மெசியாவே என்றோ கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் ஆசிரியரைக் கூப்பிடுகிற சொல்தான் வந்தது, அதுவும் தன் பெயரைக் கேட்டபின்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகைப் பதிவேடு ஞாபகம் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் காலையில் பெயர்களை வாசித்தேன். பாதி நாள் தலையை நிமிர்த்தியதே இல்லை.

*

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அண்ணனும் என்னிடம்தான் படித்தான், கெட்டிக்காரன். முகச்சாயல் ஒன்றாக இருந்ததால் அந்த வருஷம் முழுக்க இவனை அண்ணன் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். வாசிக்கும்போது பதிவேட்டில் சரியான பெயர், கரும்பலகைக்குக் கூப்பிடும்போது அண்ணன் பெயர். அவன் ஒருநாளும் திருத்தவில்லை. எழுந்து வந்து கணக்கைப் போட்டுவிட்டுப் போய் உட்காருவான்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தையல் கடையில் சட்டைத்துணி கொடுத்தேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றவர் தலையில் பாதி நரை. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: “சார், பெரியவன் சிங்கப்பூர்ல இருக்கான். நான் சின்னவன்.”

கழுத்து, தோள், கை என்று அளவெடுத்தார். டேப்பைப் பிடித்த விரல் தோளில் படும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. துணியின் ஓரத்தில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி நோட்டில் பின் அடித்தார். மேலே பெயர் எழுத வேண்டும். என்னிடம் கேட்கவில்லை. இனிஷியல் இரண்டையும் போட்டு, பிழையில்லாமல் எழுதினார்.

“உன் பேரு...” என்று ஆரம்பித்தேன்.

“புதன்கிழமை வாங்க சார், தச்சு வச்சிடறேன்” என்றார்.