ஏவத் தெரிந்தால் போதுமா?



மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். சத்சங்கம் முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், வங்கியில் பணிபுரியும் அன்பர் ஒருவர் தயக்கத்துடன் அருகில் வந்தார். நாள்தோறும் கீதை பாராயணம் செய்பவர், புலால் உண்ணாதவர். அவருடைய 12 வயது மகன் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்கிறானாம். "மகராஜ், அஹிம்சையே உயர்ந்த தர்மம் என்று படிக்கிறோம். ஒரு குழந்தையின் கையில், அதுவும் விளையாட்டுக்காக, துப்பாக்கியைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் பின்னால் நின்றிருந்த சிறுவன் முந்திக்கொண்டான். "நான் முன்பே சுட்டிருக்கிறேன், மகராஜ்! அத்தை கல்யாணத்தில் தாத்தா சுடச் சொன்னார்."

தந்தை சிரித்துவிட்டார். "அது எங்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது இரட்டைக்குழல் துப்பாக்கியால் வானத்தை நோக்கி இரண்டு குண்டு சுடுவார்கள். பேரன் கையைப் பிடித்து அப்பா சுடவைத்தார். நான் கேட்டது அதைப் பற்றியல்ல."

அவர் எதைக் கேட்டாரோ அதைவிட, எதைக் கேட்கவில்லையோ அதுவே என் மனத்தை வருத்தியது.

நம் சாஸ்திரங்கள் ஆயுதத்தை வெறுக்கவில்லை. நவராத்திரி நிறைவில் ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் சமுதாயம் நம்முடையது. விபூதி யோகத்தில் பகவான், ஆயுதம் தாங்கியோருள் தாம் இராமன் என்று அர்ஜுனனுக்குச் சொல்கிறார். ஆகவே ஆயுதத்தைத் தொட்டாலே பாபம் என்று கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் பொழுதுபோக்காகத் தொட்ட ஆயுதம் என்ன செய்யும் என்பதையும் நம் இதிஹாசமே சொல்லியிருக்கிறது.

இராமன் வனம் சென்ற ஆறாம் நாள் நள்ளிரவு. தசரத மன்னருக்குத் தம் இளமைக்காலச் செயல் ஒன்று நினைவுக்கு வருகிறது; அருகிலிருந்த கௌசல்யா தேவியிடம் அதைச் சொல்கிறார். அப்போது அவர் யுவராஜா, திருமணம் ஆகாதவர். ஒலியைக் கேட்டே குறிதவறாமல் எய்யும் வித்தையில் வல்லவர் என்று ஊரார் புகழ்ந்துகொண்டிருந்த காலம். மழைக்காலத்து இரவொன்றில் வில்லும் அம்புமாகச் சரயு நதிக்கரைக்குச் செல்கிறார். எதற்காக? போருக்காக அல்ல; யாரையும் காப்பதற்காகவும் அல்ல. அங்கே வால்மீகி முனிவர் கையாளும் சொல் 'வியாயாமம்'. தேகப்பயிற்சி, பொழுதுபோக்கு. நீர் அருந்த ஏதேனும் விலங்கு வரும், எய்யலாம் என்ற ஆவல். இருளில் நீர் நிரம்பும் ஒலி கேட்கிறது. யானைதான் என்று எண்ணி அம்பை விடுகிறார். மனிதக் குரல் ஒன்று அலறுகிறது. பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொள்ள வந்த தாபச இளைஞன் அவன்.

இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சாபத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சற்று நிதானித்துப் பாருங்கள். அந்த இளவரசருக்கு எவர் மீதும் பகையில்லை. அவருடைய திறமையில் குறையில்லை. ஒலி எங்கே எழுந்ததோ அங்கேயே அம்பு தைத்தது. அங்கே இருப்பது எது என்று அறியாமலே விட்டார் என்பதே பிழை. அவரை அங்கே அனுப்பியது ஊராரின் புகழ்ச்சி. திருமண ஊர்வலத்தில் கைதட்டுகிறவர்களும் அந்த ஊரார்தாம்.

பல்லாண்டுகளுக்குப் பின் விசுவாமித்திரர் வந்து யாகத்தைக் காக்க இராமனைத் தரும்படி கேட்டபோது, தசரதர் நடுங்கிப்போய், "இவனுக்குப் பதினாறு வயது கூட நிறையவில்லையே" என்கிறார். அந்த நடுக்கத்தில் சரயு நதிக்கரையின் நினைவும் கலந்திருக்குமோ? வால்மீகி சொல்லவில்லை. எனக்கு அவ்வாறு தோன்றுவதுண்டு.

பதினாறு நிறையாத அந்தப் பிள்ளைக்கு விசுவாமித்திரர் ஆயுதம் தரத்தான் செய்தார். எப்படித் தந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தாடகை வதம் முடிந்த மறுநாள் காலை, தூய்மையுடன் கிழக்கு நோக்கியவாறு, மந்திரபூர்வமாக அஸ்திரங்களை உபதேசித்தார். பெற்றுக்கொண்ட இராமன், வேறொரு சிறுவனாயிருந்தால், ஒன்றையாவது ஏவிப் பார்க்கத் துடித்திருப்பான். இராமனோ வழி நடக்கையில், "ஏவும் முறையைக் கற்றேன், இவற்றைத் திரும்பப் பெறும் முறையையும் அறிய விரும்புகிறேன்" என்று வேண்டினான். முனிவர் அந்த உபசம்ஹார முறையையும் உபதேசித்தார். பின்னர் அஸ்திர தேவதைகள் கைகூப்பி நின்றபோது, "என் மனத்தில் இருங்கள்; வேண்டும்போது அழைக்கிறேன்" என்று சொல்லி விடைகொடுத்தான்.

மஹாபாரதத்தில் இன்னொரு பிள்ளை இருக்கிறான். துரோணர் பிரம்மசிரஸ் என்னும் அஸ்திரத்தை அர்ஜுனனுக்கு அளித்திருந்தார். அதைக் கண்டு பொறாமல் அசுவத்தாமா தனக்கும் வேண்டுமென்று வற்புறுத்துகிறான். மகனின் நிலையில்லாத மனத்தைத் தந்தை அறிவார். இருந்தும் மகிழ்ச்சியின்றிக் கொடுத்தார். எத்தகைய ஆபத்திலும் இதை மனிதர் மீது ஏவாதே என்று எச்சரித்தும் வைத்தார். எச்சரித்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணினாரோ என்னவோ! போரின் முடிவில் அசுவத்தாமா அதை ஏவினான். அர்ஜுனனும் எதிர் அஸ்திரம் விட்டான். நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நின்று இருவரையும் மீட்கச் சொன்னார்கள். அர்ஜுனன் மீட்டுக்கொண்டான். அசுவத்தாமாவால் இயலவில்லை. அது உத்தரையின் கருவிலிருந்த சிசுவைத் தேடிச் சென்றது.

பெற்றோர்களே, துரோணர் கொடியவர் அல்லர். பிள்ளை கேட்டான், மறுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பேரன் கையைப் பிடித்துச் சுடவைத்த அந்தத் தாத்தாவும் அப்படிப்பட்டவரே.

இனி அந்த அன்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவருடைய ஊருக்கு அருகில்தான் பாக்பத் மாவட்டத்தின் ஜோஹ்ரி கிராமம் இருக்கிறது. 1999-ல் பேத்திக்குத் துணையாக அங்குள்ள பயிற்சிக் கூடத்துக்குச் சென்று, அறுபது வயதைக் கடந்த நிலையில் தாமே சுடக் கற்றுப் பல பரிசுகள் வென்ற சந்த்ரோ தோமர் பாட்டி அந்த ஊர்க்காரர், 2021-ல் காலமானார். அண்டையிலுள்ள மீரட் மாவட்டத்தைச் சேர்ந்த சௌரப் சௌத்ரி, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பெற்ற தங்கமும், 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரு வெண்கலங்களும் எத்தனையோ குழந்தைகளை இந்தக் கூடங்களுக்கு அழைத்து வந்திருக்கின்றன.

அத்தகைய கூடமொன்றை நான் பார்த்திருக்கிறேன். ஆரவாரம் இருக்கும் என்று எண்ணிச் சென்றேன். தியான மண்டபம்போல் அமைதியாக இருந்தது. ஏர் ரைபிள் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 60 முறை சுட 75 நிமிடங்கள். குழல்வாய் இலக்கின் திசையைத் தவிர வேறெங்கும் திரும்பக் கூடாது. சுடத் தயாராகும் வரை விரல் விசையில் படக் கூடாது. 'நிறுத்து' என்ற ஆணை பிறந்ததும் அனைவரும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒரு சிறுமி துப்பாக்கியை உயர்த்தினாள், குறிபார்த்தாள், பின் சுடாமலே இறக்கிவிட்டாள். மீண்டும் உயர்த்தினாள், மீண்டும் இறக்கினாள். "பயமா?" என்று பயிற்சியாளரிடம் மெல்லக் கேட்டேன். "இல்லை மகராஜ். மூச்சும் கையும் அடங்கவில்லை; அதனால் இறக்குகிறாள். இதைக் கற்றுக்கொடுக்கத்தான் எங்களுக்கு வெகுநாள் ஆகிறது" என்றார்.

இராமன் விசுவாமித்திரரிடம் கேட்ட பாடம் இதுவே என்று எனக்குப் பட்டது.

ஆகவே அந்த அன்பரிடம், "பயிற்சியில் சேருங்கள்" என்றேன். சில மாதங்கள் நீங்களும் உடன் சென்று அமருங்கள். சுடாமல் இறக்கிவைத்ததற்காகப் பிள்ளையைப் பாராட்டும் ஆசிரியரா என்று பாருங்கள். பதக்கத்தைப் பற்றி வீட்டில் பேசாதீர்கள். அவன் கோபத்தோடு இருக்கும் நாளில் அனுப்பாதீர்கள் என்றும் சொன்னேன். வீட்டில் பொம்மைத் துப்பாக்கியைத் தங்கை மீது நீட்டி 'டுமீல்' என்று அவன் விளையாடினால் அதையும் அன்றே நிறுத்திவிடுங்கள் என்றேன். பொம்மைதானே என்று நாம் சிரிப்போம். கைக்குப் பழக்கம் பழக்கம்தான்.

"ஆனால் கல்யாணத் துப்பாக்கி வேண்டாம்" என்றேன். வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு வானத்திலேயே தங்கிவிடுவதில்லை. எங்கோ ஒரு மொட்டை மாடியில், முற்றத்தில் அது இறங்குகிறது. இப்படி மணமகனே மாண்ட வீடுகள் உண்டு. வேடிக்கை பார்த்த குழந்தைகள் மாண்ட வீடுகளும் உண்டு. தசரதருக்காவது ஓர் ஒலி கேட்டது. இங்கே இலக்கு என்ற ஒன்றே கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், விளையாட்டுப் பயிற்சிக்கு அளிக்கும் விலக்கைத் தவிர, 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டு உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் தெரியாத வீடல்ல அது. தாத்தாவிடம் உரிமம் இருந்தது.

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின், "அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது, மகராஜ்? அவர் மனம் நோகுமே" என்றார். தந்தையின் மனம் நோகாமல் நடப்பதும் தர்மமே. அவருடைய தயக்கத்தை நான் இகழவில்லை. "பணிவோடு சொல்லுங்கள். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள்" என்றேன்.

சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. மகன் பயிற்சிக்குப் போகிறானாம். இன்னும் குறி ஒன்றும் சரியாகப் படவில்லையாம். நெருங்கிய உறவில் ஒரு திருமணம். தாத்தா வழக்கம்போல் துப்பாக்கியை எடுத்துத் தோட்டா போடும்போது, மகன் சொல்லுமுன் பேரனே சொல்லிவிட்டானாம்: "தாத்தா, இலக்கு இல்லாத பக்கம் குழலைத் திருப்பக் கூடாது என்று குருஜி சொல்லியிருக்கிறார்." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லாமல் தோட்டாவை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். விருந்துக்கும் வரவில்லை. அவருடைய மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை என்றும், அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது அவரை நான் நேரில் கண்டு பேச வேண்டும் என்றும் அன்பர் எழுதியிருக்கிறார். சென்று பார்க்க வேண்டும்.