பயன் முடிந்த பின்

எமது வீட்டு நாய் வீமன் சென்ற மாதம் இறந்தது. இறந்தது என்று மட்டும் எழுதுவது முழு உண்மையாகாது. எமது சம்மதத்தின் பேரில், மிருக வைத்தியரின் ஊசியால் அதன் உயிர் பிரிந்தது. ஒரு குடும்பத்தின் இத்துயரம் பிறருக்கு முக்கியமானதன்று. ஆனால், அது எழுப்பிய வினா எல்லோருக்கும் உரியது: உழைத்து ஓய்ந்த ஓர் உயிருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது என்ன?

14 ஆண்டுகள் படலையடியே வீமனின் இருப்பிடம். இரவில் வளவைக் காத்தது. காலையில் பிள்ளைகளைச் சந்திவரை கூட்டிச்சென்று விட்டுத் திரும்பியது. கடைசி ஆண்டில் அதன் கண்களில் வெண்படலம் படர்ந்தது, செவி மங்கிற்று, பின்னங்கால்கள் எழ மறுத்தன. அந்நியர் படலையைத் திறந்தாலும் அது அறியாது. ஓர் இரவு, அது நனைத்த சாக்கை மாற்றிக்கொண்டிருந்த வேளையில், “இனி இதனால் என்ன பயன்?” என்ற சொல் எம்மில் ஒருவர் வாயிலிருந்து வந்தது. சொன்னவர் யார் என்பது முக்கியமன்று. மறுத்துப் பேச எவரும் முன்வரவில்லை என்பதே முக்கியம்.

இக்கேள்வி புதியதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமானியப் பிரபுவான கேட்டோ, வேளாண்மை பற்றி எழுதிய நூலில், பண்ணை உடைமையாளன் விற்றுத் தள்ளவேண்டியவற்றைப் பட்டியலிட்டான். ஓய்ந்துபோன எருது, பழைய வண்டி, பழைய கருவிகள் என நீளும் அப்பட்டியலில் முதிய அடிமையும் நோயுற்ற அடிமையும் இடம்பெற்றனர். கேட்டோவின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் இதனைக் கண்டித்தார். தமக்காக உழைத்த எருதையே முதுமை காரணமாக விற்க மனம் வராதென்றும், மனிதனை விற்பது எங்ஙனம் என்றும் அவர் கேட்டார். ஏதென்சு நகரின் பெருங்கோயிலைக் கட்ட உழைத்த கோவேறு கழுதைகளில் ஒன்று, விடுவிக்கப்பட்ட பின்னரும் தானாகவே வந்து ஏனையவற்றோடு நடந்ததாம். அதனைச் சாகும்வரை பொதுச்செலவில் காப்பதென நகர மக்கள் தீர்மானித்தனர் என்றும் அவர் எழுதினார்.

மனிதர் பசித்திருக்கையில் நாய்க்காகக் கண்ணீரா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாய்க்கு மெத்தை விரித்துவிட்டு, தள்ளாமை வந்த வேலைக்காரியைச் சில நூறு ரூபாவோடு வழியனுப்பும் வீடுகளை நாம் அறிவோம். அத்தகைய கருணை வெறும் ஆடம்பரமே. ஆயினும், கேட்டோவின் பட்டியலை மீண்டும் பாருங்கள். எருதும் மனிதனும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர்; இருவரையும் அளந்த கோல் ஒன்றே. மலையகத்தில் கொழுந்து பறித்தே கை ஓய்ந்த ஒரு தாய், தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையில் இனி எந்த உரிமையோடு இருப்பது என்று அஞ்சும்போதும், அவளை அளப்பது அதே கோல்தான். நாய்மீது அக்கோலை வைக்கப் பழகிய கை மனிதன்மீதும் அதனை வைக்கத் தயங்காது.

அப்படியாயின் ஊசி ஏற்றியது எங்ஙனம் நியாயமாகும்? உயிர்க்கொலை பாவம், அது தானாகவே போகட்டும் என்றனர் அயலவர். அவர்களது அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால், “தானாகவே” என்பதன் பொருள் பெரும்பாலும் வளவின் ஒரு மூலையில் ஈ மொய்க்க விட்டுவிடுவதே. அது இயற்கையன்று, நாம் முகம் திருப்பிக்கொள்ளும் வசதி. மறுபுறம், கருணை என்று பெயரிட்ட ஊசிக்குள் கேட்டோவின் கணக்கும் ஒளிந்திருக்கலாம். முடிவுக்குக் கொண்டுவரப்படுவது யாருடைய துன்பம், அதனுடையதா, எம்முடையதா? இதனை எம்மிடமே கேட்டோம். நேர்மையான விடை முதலில் எமக்குச் சாதகமாக இருக்கவில்லை. ஆகவே, ஊசியைத் தள்ளிவைத்தோம். இரண்டு மாதங்கள் நோவுக்கு மருந்து கொடுத்து, கையால் ஊட்டி, தூக்கி வெளியே கொண்டுபோனோம். பின்னர் அது உணவை அறவே மறுத்தது, தொட்டாலே அலறியது. மாற்ற வழியில்லை என்று வைத்தியர் கூறிய பின்னரே சம்மதித்தோம்.

மாமரத்தடியில், தலை எமது மடியில் கிடக்க, ஊசி ஏற்றப்பட்டது. அளவுமீறிய மயக்கமருந்து அது. முதலில் நினைவும் பின்னர் மூச்சும் இதயமும் அடங்கின. விலகி நிற்க விரும்பினோம், நிற்கவில்லை. முடிவெடுத்தவர்கள் அம்முடிவைக் கண்ணால் காணாதிருக்க உரிமையற்றவர்கள்.

பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் தருமன் என்கிறது பாரதம். அந்நாய் ஈற்றில் அறக்கடவுளாகத் தோன்றிற்று. வீமன் எதுவாகவும் தோன்றவில்லை. நாயாக வாழ்ந்து நாயாகவே மண்ணுக்குள் போயிற்று. தருமனும் அதனை நாயென்றே எண்ணி மறுத்தான். அவனது பெருமை அதிலேதான் உள்ளது.

அன்றிரவு அச்சொல் சொல்லப்பட்டபோது, பக்கத்து அறையில் எமது ஆச்சி விழித்திருந்தார். வீமனைப் புதைத்த பின்னரே அதனை அறிந்தோம். அவர் எவரையும் குறை கூறவில்லை. “நானும் இப்ப உப்பிடித்தானே மோனை” என்றார், அவ்வளவுதான். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவருடைய பாயைத் தட்டி விரித்துவிட்டு, அருகில் அமர்ந்தோம்.